தோற்ற குழுவுக்கும் ஒரு வரி போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் நாளிதழை நான் காசு கொடுத்து வாங்கிப் படிக்கிறவன். கைப்பேசியில் ஓசியில் வருவதைத் தள்ளித் தள்ளிப் பார்க்கிற ஆள் இல்லை. அதனால் கொஞ்சம் உரிமையோடு எழுதுகிறேன்.

மூன்று வாரத்துக்கு முன் ஞாயிறு விளையாட்டுப் பக்கத்தில், எங்கள் வட்டாரத்தில் நடந்து முடிந்த 15 வயதுக்குட்பட்டோர் காற்பந்து லீக்கின் முடிவைப் போட்டிருந்தீர்கள். கோப்பையோடு ஒரு படம், பரிசு கொடுத்த பிரமுகர்களின் வரிசை, மாலை, பொன்னாடை, எல்லாம் நிறைவாக இருந்தது. அதற்குக் கீழே புள்ளிப் பட்டியல். லீக்கில் ஆடியவை பத்துக் குழுக்கள். பட்டியலில் இருந்தவை எட்டு. எட்டாவது வரிக்குக் கீழே ஒரு கோடு, கோட்டுக்குக் கீழே ஒரு நகைக்கடை விளம்பரம்.

பத்தாவதாக வந்த குழுவில் என் மகள் வழிப் பேரன் ஆடுகிறான். வலது பக்கத் தற்காப்பு. அன்று காலை கீழே இருக்கும் கடையில் இரண்டு பேப்பர் வாங்கிக்கொண்டு மாடிப்படியில் ஓடி வந்தான். ஒன்று படிக்க, ஒன்று வெட்டி ஒட்டி வைக்க. ரொட்டி சானாய் தட்டில் ஆறிக்கொண்டிருந்தது. விரலைப் பட்டியலின் தலையில் வைத்து ஒவ்வொரு வரியாக இறங்கினான். எட்டில் வந்து விரல் கோட்டில் முட்டியது. தொடர்ச்சி இருக்கும் என்று நினைத்துப் பக்கத்தைப் புரட்டினான். பின்பக்கத்தில் இருந்தவை மரண அறிவித்தல்கள்.

"எடம் பத்தல போல தாத்தா" என்றான். அவ்வளவுதான். ரொட்டியைத் தின்றுவிட்டு எழுந்து போய்விட்டான். இரண்டு பேப்பரும் மேசையிலேயே கிடந்தன.

எனக்குத்தான் மனம் கேட்கவில்லை. மறுநாள் தொலைபேசியில் அழைத்தேன். எடுத்த தம்பி மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் கடைசியில், "ஐயா, கடைசியில வந்தத யாரு படிக்கப் போறாங்க?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்குத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளும். வெட்டுவதாக இருந்தால் என்னைக் கேட்டுவிட்டு வெட்டுங்கள்.

என் மகன் வழிப் பேத்தி அமெரிக்காவில், ஒஹாயோ மாநிலத்து அக்ரன் நகரப் பல்கலைக்கழகத்தில் பாலிமர் படிக்கிறாள். பாலிமர் என்றால் எங்கள் பாஷையில் ரப்பர்தான். கொள்ளுத்தாத்தா வெட்டுக்காட்டில் உளியைப் பிடித்து எடுத்ததை இவள் வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு ஆய்வுக்கூடத்தில் வைத்துப் பார்க்கிறாள். அக்ரன் ஒரு காலத்தில் உலகத்தின் ரப்பர் தலைநகரம் என்று பேரெடுத்த ஊர். குட்இயர், ஃபயர்ஸ்டோன், குட்ரிச், ஜெனரல் டயர் எல்லாம் அங்கே வளர்ந்தவை. நம் தோட்டங்களில் புகைக்கூண்டில் தொங்கிப் பழுப்பேறிய ஷீட்டுகள் பினாங்கிலும் போர்ட் சுவெட்டன்ஹாமிலும் சிங்கப்பூரிலும் கப்பலேறிக் கடைசியில் டயராக மாறிய ஊர்களில் அது முக்கியமானது.

போன வருஷம் அவள் வாட்சப்பில் ஒரு பழைய விளையாட்டரங்கத்தின் படத்தை அனுப்பினாள். பேர் "ரப்பர் போல்" (Rubber Bowl). "ரப்பர் கிண்ணமாம் தாத்தா" என்று எழுதி ஒரு சிரிக்கும் மூஞ்சி போட்டிருந்தாள். கிண்ணமாவது! மரத்தில் கம்பியில் உட்கார்ந்து பால் வாங்கும் அந்தச் சாமானுக்கு எங்கள் தோட்டத்தில் மங்கு என்று பேர். அதைத் துடைத்துத் துடைத்து என் அம்மாவின் கட்டைவிரல் ரேகையே போய்விட்டது. அக்ரன்காரர்கள் 1940-இல் முப்பத்தைந்தாயிரம் பேர் உட்காருகிற மாதிரி ஒரு மங்கு கட்டியிருக்கிறார்கள். பல்கலைக்கழக அணி 2008 வரை அங்கே ஆடியது. அப்புறம் பாழடைந்து, 2018-இல் இடிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

அந்த மங்கில் 1952 நவம்பர் 27-ஆம் தேதி நடந்த ஓர் ஆட்டம் பேத்தி வழியாக என் காதுக்கு வந்தது. அன்றிலிருந்து எனக்குப் பைத்தியம் பிடித்த மாதிரி.

முதலில் அந்த ஆட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்கக் காற்பந்தில் கால் கொஞ்சம்தான். முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுவார்கள், எறிவார்கள், மற்றவன் வந்து இடித்துத் தள்ளுவான். எல்லையைத் தாண்டிக் கொண்டுபோனால் ஆறு புள்ளி, அப்புறம் உதைத்துக் கம்பத்துக்கு நடுவே போட்டால் இன்னொன்று. பாயான் லெப்பாஸ் ஆலையில் நான் வேலை பார்த்த காலத்தில் ஓர் அமெரிக்க இன்ஜினியர் வெள்ளைப் பலகையில் அம்புக்குறி போட்டு எனக்கு விளக்கியிருக்கிறார். பாதிதான் புரிந்தது. இந்தக் கடிதத்துக்கு அந்தப் பாதி போதும்.

1952-இல் டல்லாஸ் டெக்ஸன்ஸ் என்று ஒரு தொழில்முறைக் குழு இருந்தது. இருந்தது என்றால் ஒரே ஒரு பருவம். நியூயார்க்கில் நடத்த முடியாமல் கைவிடப்பட்ட குழு ஒன்றை, டெக்ஸஸில் ஜவுளி ஆலை வைத்திருந்த குடும்பத்தைச் சேர்ந்த கைல்ஸ் மில்லர் என்பவர் கூட்டாளிகளோடு சேர்ந்து வாங்கி டல்லாசுக்குக் கொண்டுவந்தார். டெக்ஸஸ் மாநிலத்துக்கு அமெரிக்கத் தேசிய லீக்கில் அதுதான் முதல் குழு. காற்பந்து என்றால் உயிரை விடுகிற மாநிலம், கூட்டம் அள்ளும் என்று கணக்குப் போட்டார்கள். காட்டன் போல் என்ற மைதானத்தில் எழுபத்தையாயிரம் பேருக்கு மேல் உட்காரலாம். செப்டம்பர் 28-இல் நியூயார்க் ஜயன்ட்ஸோடு நடந்த முதல் ஆட்டத்துக்கு வந்தவர்கள் 17,499. கல்லூரிப் பையன்கள் ஆடினால் திரளும் ஊர், காசு வாங்கி ஆடுகிறவர்களைப் பார்க்க வரவில்லை.

அந்த முதல் ஆட்டத்தில் ஒரு வேடிக்கை. ஜயன்ட்ஸ் ஆட்டக்காரர் ஒருவர் உயரே வந்த பந்தைப் பிடிக்காமல் நழுவ விட்டார். அதை எடுத்துத்தான் டெக்ஸன்ஸ் தன் முதல் ஆறு புள்ளியைப் போட்டது. நழுவ விட்டவர் டாம் லாண்ட்ரி. பிற்பாடு இதே டல்லாஸில் கவ்பாய்ஸ் குழுவுக்கு 29 வருஷம் பயிற்சியாளராக இருந்து பெரிய பேர் எடுத்தவர். அன்றைக்கு டெக்ஸன்ஸ் போட்டதும் அந்த ஆறோடு சரி. 24-6 என்று தோற்றது.

பேத்தி பன்னிரண்டு ஆட்டத்தின் முடிவையும் எழுதி அனுப்பியிருந்தாள். தோட்டத்து ஸ்டோரில் ரப்பர் பால் நிறுத்துக் கணக்கெழுதிய கிராணி, அதாவது எழுத்தர், நான். இலக்கம் கண்ணில் பட்டால் கை தானாகக் கூட்ட ஆரம்பித்துவிடும். 6, 14, 20, 14, 21, 20, 6, 13, 14, 27, 21, 6. மொத்தம் 182. எதிராளிகள் போட்டவை 24, 37, 38, 24, 48, 42, 27, 43, 42, 23, 38, 41. மொத்தம் 427. இரண்டு தடவை கூட்டிப் பார்த்தேன். அந்த வரிசையில் 27-க்கு நேரே 23 வருகிறதே, அந்த ஒன்றுதான் அவர்கள் ஜெயித்தது. மீதி பதினொன்றும் தோல்வி.

முதல் ஏழையும் தோற்ற நிலையில் மில்லருக்குக் கையில் காசு இல்லை. உள்ளூர்ப் பணக்காரர்களிடம் கடன் கேட்டார், கிடைக்கவில்லை. நவம்பர் நடுவில் குழுவை லீக்கிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார். லீக் என்ன செய்யும்? பெயரை மட்டும் வைத்துக்கொண்டு ஆட்டக்காரர்களைப் பென்சில்வேனியாவில் ஹெர்ஷி என்ற ஊரில் கொண்டுபோய்த் தங்க வைத்தது. சாக்லேட் ஆலைக்குப் பேர் போன ஊர். டல்லாஸ் என்று சட்டையில் இருக்கிறது, டல்லாஸில் ஆட்டம் கிடையாது. மிச்ச ஆட்டம் எல்லாம் அடுத்தவன் ஊரில்.

ஆர்ட் டோனவன் என்று அந்தக் குழுவில் ஒரு முரட்டு ஆள். பசிபிக் போரில் அமெரிக்க மரைன் படைச் சிப்பாயாக இருந்தவர். வயதான காலத்தில் இந்தக் கதைகளைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்லியிருக்கிறார். சம்பளக் காசோலை வந்த அன்று பயிற்சியாளர் ஜிம்மி பீலன் பயிற்சியை அப்படியே நிறுத்திவிட்டு, காசோலை திரும்பி வருவதற்குள் பேங்குக்கு ஓடுங்கள் என்று விரட்டுவாராம். தோட்டத்தில் சம்பள மேசை முன்னால் வரிசையில் நின்றவர்களுக்கு இந்தப் பயம் புதிது இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். குழுவில் ஜார்ஜ் டாலியஃபெரோ, படி யங் என்ற இரண்டு கறுப்பின ஆட்டக்காரர்கள். குழுக்கள் புது ஆட்டக்காரர்களைப் பொறுக்கி எடுக்கும் அந்த லீக்கின் வருடாந்தரத் தேர்வில் பெயர் வந்த முதல் கறுப்பினத்தவர் டாலியஃபெரோதான், அது 1949-இல். படி யங் ஐந்தடி நான்கங்குலம், மின்னல் மாதிரி ஓடுவார். அவர்களைப் பார்க்க வரும் அவர்கள் மக்களுக்கு டல்லாஸ் மைதானத்தில் ஓரமாகத் தனி இடம். களத்தில் ஓடலாம், நல்ல இடத்தில் உட்கார முடியாது. துரைமார் கிளப்பில் பந்து பொறுக்கிப் போட்ட நம் ஆட்கள் நினைவுக்கு வருகிறார்கள்.

சரி, அந்த வியாழக்கிழமைக்கு வருகிறேன். அமெரிக்காவில் அது நன்றி நவிலும் நாள், நம் பொங்கல் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். சொந்த ஊர் இல்லாத டெக்ஸன்ஸின் ஆட்டத்தை லீக் அக்ரனுக்குத் தள்ளிவிட்டது. எதிரே சிகாகோ பியர்ஸ். அதே மைதானத்தில் காலையில் பள்ளிப் பையன்களின் ஆட்டம் ஒன்று. அதைப் பார்க்க நல்ல கூட்டம். அது முடிந்ததும் ஜனங்கள் விருந்து சாப்பிட வீட்டுக்குப் போய்விட்டார்கள். பிற்பகல் ஆட்டத்துக்கு மிஞ்சியவர்கள் மூவாயிரம் பேர்தான், முப்பத்தைந்தாயிரம் பேர் உட்காரும் இடத்தில். பீலன் அண்ணாந்து பார்த்துவிட்டு, ஒவ்வொருவர் பேராக ஒலிபெருக்கியில் அறிவிப்பதற்குப் பதில் நாமே மேலே ஏறிப் போய் வந்திருப்பவர்கள் எல்லாருக்கும் கை கொடுத்துவிட்டு வரலாம் என்றாராம்.

பியர்ஸின் முதலாளியும் பயிற்சியாளருமான ஜார்ஜ் ஹாலஸ் இவர்களை ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை. இரண்டாம் வரிசை ஆட்களை முதலில் இறக்கினார். டெக்ஸன்ஸ் 20-2 என்று முன்னால் போய்விட்டது. அப்புறம் அவசர அவசரமாக முதல் வரிசை இறங்கி 23-20 என்று முந்தியது. இதற்கு முன் ஒன்பது தடவை தோற்ற குழு. இங்கேதான் தலையைத் தொங்கப் போட வேண்டும். போடவில்லை. ஆட்டம் முடியும் தறுவாயில் இன்னொரு தடவை கோட்டைத் தாண்டினார்கள். 27-23.

அங்கே வியாழன் பிற்பகல் என்றால் இங்கே வெள்ளிக்கிழமை விடிந்திருக்காது. தெற்குக் கெடாவில், எங்கள் லயத்தில், அப்பா சாக்கை உதறிப் போட்டுக்கொண்டு பெரட்டுக்கு, அதாவது காலை ஆள் கணக்கெடுப்புக்கு, கிளம்பும் நேரத்தை ஒட்டி. எனக்கு அப்போது ஐந்து வயது. ரப்பர் விலை அந்த வருஷம் விழுந்துகொண்டிருந்தது. கொரியப் போரின் புண்ணியத்தில் 1951-இல் ராத்தல் இரண்டு வெள்ளிக்கு மேல் போனது, 1952-இல் சராசரி ஒரு வெள்ளிக்கும் கீழே. அவசரகாலம் வேறு. லயத்தைச் சுற்றி முள்வேலி, காட்டுக்குள் இருந்து அரசாங்கத்தோடு சண்டை போட்ட கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்விடக் கூடாது என்று வேலிக் கதவில் பொட்டலச் சோதனை, பொழுது சாய்ந்தால் ஊரடங்கு.

இதற்கு நடுவில்தான் எங்கள் தோட்டத்துக் காற்பந்துக் குழுவும் ஆடியது.

அப்பா அதில் இடது பக்கத் தற்காப்பு. கோயிலுக்கும் கள்ளுக்கடைக்கும் நடுவே இருந்த திடல். ஒரு பக்கம் சரிவு. இரண்டாம் பாதியில் மேட்டுப் பக்கம் கிடைத்தவன் பிழைத்தான். காலில் ஒன்றும் கிடையாது. பந்து மட்டும் நிஜப் பந்து, வாய்க் கயிறு போட்டுக் கட்டும் தோல் பந்து. உள் ரப்பர் ஓட்டையானால் பால் தடவி ஒட்டுவார்கள். எங்களைப் போன்ற சின்னப் பையன்களுக்கு ஒட்டுப்பால் பந்து. வெட்டுக் கோட்டில் காய்ந்து கிடக்கும் பாலை நூல் மாதிரி உரித்து, விரலில் சுற்றிச் சுற்றி உருட்டினால் எலுமிச்சை அளவு வரும், பொறுமை இருந்தால் தேங்காய் அளவு. கீழே போட்டால் எங்கே துள்ளும் என்று அதற்கே தெரியாது. நாற்றம் கையை விட்டு மூன்று நாளைக்குப் போகாது. அடுத்த தோட்டத்துக்கு ஆடப் போவதென்றால் துரையிடம் சொல்லி லோரிக்கு அனுமதி வாங்க வேண்டும், ஊரடங்குக்கு முன் திரும்பியாக வேண்டும். பாதி ஆட்டத்தில் லோரி டிரைவர் ஹாரன் அடித்தால் அப்படியே விட்டுவிட்டு ஏறிவிடுவார்களாம்.

அப்பா சொல்வார், "அந்த வருஷம் ஒரே ஒரு ஆட்டம்தான்டா ஜெயிச்சோம்." பேத்தி அனுப்பியதில் அந்த 27-23 என் கண்ணைப் பிடித்து இழுத்ததற்கு இதுதான் காரணம். ஆற்றுக்கு அந்தப் பக்கத் தோட்டத்தோடு நடந்த ஆட்டம். எத்தனைக்கு எத்தனை? அப்பா 3-1 என்பார். எனக்குப் பெரியப்பா முறை வேண்டிய ஒருவர், அதே குழுவில் கோல் காத்தவர், 2-1 என்பார், மூன்றாவதை ரெஃப்ரி கொடுக்கவில்லை என்று சத்தியம் செய்வார். தீபாவளிக்குத் தீபாவளி ஆட்டிறைச்சிக் குழம்புக்கு நடுவே இந்தச் சண்டை வரும். ஒரு வருஷம் பெரியப்பா சாப்பிடாமலே எழுந்து போனார். அம்மா இலையை மூடி வைத்து, ராத்திரி நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். இரண்டு பேரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அந்த மூன்றாவது கோல் மட்டும் இன்னும் அந்தரத்தில் தொங்குகிறது.

இதில் எனக்கு ஆறாத விஷயம் ஒன்று. 1966-இல் நான் அதே தோட்டத்தில் ஸ்டோர் கிராணியாகச் சேர்ந்தேன். பரணில் பழைய செக்ரோல்கள், அதாவது ஆள்வாரி வேலைக் கணக்கேடுகள், மூட்டை மூட்டையாகக் கிடந்தன. கரையான் அரித்தது போக மிச்சத்தில் 1952-ம் இருந்தது. அப்பா பேருக்கு நேரே எந்த நாள் எத்தனை ராத்தல் பால், எத்தனை ஒட்டுப்பால், மழையால் எந்த நாள் வேலை இல்லை, காய்ச்சல் என்று எந்த நாள் ஆஸ்பத்திரியில் படுத்தார், எல்லாம் ஊதா மையில் பதிந்திருந்தது. கால் ராத்தல் தப்பாது. ஏனென்றால் அது காசு. அதே மனிதன் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அந்தச் சரிவுத் திடலில் என்ன செய்தான் என்பதற்கு ஒரு வரி கிடையாது. எழுதத் தெரிந்தவர்கள் தோட்டத்தில் இல்லாமல் இல்லை. எனக்கு முன்னால் மூன்று கிராணிகள் இருந்திருக்கிறார்கள், பள்ளிக்கூட வாத்தியார் இருந்தார். நானும் எட்டு வருஷம் பேனாவோடு அங்கேதான் உட்கார்ந்திருந்தேன், அப்பாவிடம் கேட்டு எழுதி வைக்கவில்லை. என்னையும் சேர்த்தே திட்டுகிறேன்.

அப்புறம் தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றார்கள். அந்தக் காலத்தில் நிறையத் தோட்டங்களுக்கு நடந்ததுதான். திடலில் செம்பனை நட்டார்கள். ஆட்டக்காரர்களில் ஒருவர் சுங்கை பட்டாணியில் லோரி ஓட்டப் போனார், ஒருவர் பட்டர்வொர்த் துறைமுகத்தில் மூட்டை தூக்கினார், நான் 1974-இல் பினாங்குக்கு வந்து ஆலையில் சேர்ந்தேன். குழு கலைந்தது என்று யாரும் அறிவிக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆள் சேரவில்லை, அவ்வளவுதான்.

டெக்ஸன்ஸும் கலைந்தது. அந்த லீக்கில் அடியோடு இழுத்து மூடப்பட்ட கடைசிக் குழு அதுதான் என்கிறார்கள். 1953-இல் ஆட்டக்காரர்களின் ஒப்பந்தங்கள் பால்டிமோர் நகரத்தில் கேரல் ரோசன்புளூம் தொடங்கிய கோல்ட்ஸ் குழுவுக்குப் போயின. அந்தக் கோல்ட்ஸ் 1958 டிசம்பர் 28-இல், நியூயார்க்கில், ஜயன்ட்ஸை 23-17 என்று வீழ்த்திச் சாம்பியன் ஆனது. நேரம் முடிந்தும் சமனாக இருந்ததால் கூடுதல் நேரம் வரை போன ஆட்டம். அந்த வெற்றியில் டோனவன் இருந்தார். டெக்ஸன்ஸில் புது ஆளாகச் சேர்ந்திருந்த ஜினோ மார்கெட்டியும் இருந்தார். முக்கியமான கட்டத்தில் எதிராளியைத் தடுத்து விழுத்தும்போது மார்கெட்டியின் கணுக்கால் முறிந்தது. ஸ்ட்ரெச்சரில் படுத்தபடியே களத்தின் ஓரத்தில் இருந்து ஆட்டத்தைப் பார்த்தார்.

உண்மையைச் சொன்னால், பேரனைத் தேற்ற இந்தக் கதையைத்தான் எடுத்தேன். கடைசியில் வந்தவர்கள்தான் பார், ஆறே வருஷத்தில் சாம்பியன் என்று முடிக்கப் பார்த்தேன். பையன் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "அந்த ரெண்டு பேர் சரி தாத்தா. மத்தவங்க?" என்றான்.

பதில் சொல்ல வாய் வரவில்லை. அவன் கேட்டதுதான் சரி. மற்றவர்கள் கோப்பை வாங்கவில்லை. வீட்டுக்குப் போய் வேறு வேலை பார்த்திருப்பார்கள். ஆனால் அக்ரனில் அன்று யார் எந்தப் பக்கம் நின்றான், பந்தை யார் கொண்டு ஓடினான் என்று அந்த ஊர்க்காரன் எழுதி வைத்திருக்கிறான். மூவாயிரம் பேர் பார்த்த ஆட்டம், லீக்கிலேயே கடைசியில் வந்த குழு, அனாதையாக ஹெர்ஷியில் கிடந்த குழு. எழுபது வருஷத்துக்கு மேல் ஆனபிறகு பினாங்கில் ஒரு கிழவன் உட்கார்ந்து 182, 427 என்று கூட்ட முடிகிறது. அதே வருஷம் அவன் அப்பன் ஆடிய ஆட்டம் இரண்டா மூன்றா என்று கேட்டால் கையை விரிக்க வேண்டியிருக்கிறது.

பெரியவர்களை நாம் விட்டுவிடவில்லை. பினாங்கு 1953-இல், மாநிலங்கள் மோதிக்கொள்ளும் மலாயாக் கிண்ணத்தை முதல் தடவையாக வென்றதைச் சொல்ல ஆள் இருக்கிறார்கள். தேசிய அணியின் கோல் காவலராக இருந்த ஆறுமுகத்தைச் சிலந்தி மனிதன் என்று இன்றைக்கும் சொல்லி மாய்கிறோம், நான் சொல்லுவதில் எட்டில் ஒரு பங்காவது நிஜமாகப் பார்த்தது. எனக்கு அந்த வருத்தம் இல்லை. இவர்களுக்குக் கீழே ஆயிரம் குழு இருந்திருக்கிறதே, அதைத்தான் சொல்கிறேன். 1924-இல் தொடங்கிய தமிழ் நேசன் நாளிதழ் 2019-இல் நின்றபோது என் சிநேகிதர் ஒருவர் சொன்னார், இனிமேல் தோட்டத்துச் செய்தி போட ஆள் குறைந்துவிட்டது என்று. தோட்டமே குறைந்துவிட்டது என்பது வேறு கதை. இருக்கிற பத்திரிகைகளில் நீங்கள் ஒருவர். அதனால் உங்களிடம்தான் கேட்க முடியும்.

கேட்பது இரண்டே காரியம். பட்டியல் போட்டால் முழுப் பட்டியல் போடுங்கள். இரண்டு வரிக்கு எத்தனை அங்குலம் ஆகும் என்று அளந்து பார்த்தேன், ஓர் அங்குலம் கூட இல்லை. நகைக்கடைக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார். அடுத்து, ஞாயிறு இதழில் மாதம் ஒரு தடவையாவது பழைய தோட்டத்துக் குழுக்களுக்கு ஒரு மூலை ஒதுக்குங்கள். படம், குழுப் பெயர், வருஷம், யார் எந்த இடத்தில் ஆடினார், ஒரு முடிவாவது நினைவிருந்தால் அது. கெடாவிலும் பேராக்கிலும் சிலாங்கூரிலும் எண்பது தாண்டிய பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பேரப்பிள்ளைகள் கைப்பேசியில் பதிவு செய்து அனுப்பட்டும். இரண்டு பேர் இரண்டு கணக்குச் சொன்னால் இரண்டையும் போடுங்கள். எங்கள் வீட்டில் அப்படித்தான் நாற்பது வருஷம் ஓடியது.

தொடக்கத்துக்கு என்னிடம் ஒரு படம் இருக்கிறது. பதினொரு பேர், வெறுங்கால், முன் வரிசையில் ஐந்து பேர் குந்தி உட்கார்ந்திருக்கிறார்கள். நடுவில் பந்து, பந்தின் மேல் சுண்ணாம்பில் 1952. ஓரத்தில் துரையின் நாய் தலை மட்டும் தெரிகிறது. ஆறு பேரை எனக்குத் தெரியும். பின் வரிசையில் வலது கோடியில் கண்ணை மூடிக்கொண்டு நிற்பவர் யார் என்று எத்தனையோ பேரிடம் காட்டிவிட்டேன். அசலைத் தர மாட்டேன், நகல் எடுத்து இந்த வாரமே அலுவலகத்துக்குக் கொண்டுவருகிறேன்.

விட்டுப்போன இரண்டு வரிகளை லீக் ஏற்பாட்டாளர்களிடம் கேட்டு வாங்கிவிட்டேன். அடுத்த ஞாயிறு போட்டால் போதும்.

ஒன்பதாவது குழு: ஆட்டம் 9, வெற்றி 1, சமன் 1, தோல்வி 7, போட்ட கோல் 8, வாங்கிய கோல் 27, புள்ளி 4.

பத்தாவது குழு: ஆட்டம் 9, வெற்றி 0, சமன் 2, தோல்வி 7, போட்ட கோல் 6, வாங்கிய கோல் 31, புள்ளி 2. அந்த ஆறில் ஒன்று என் பேரன் போட்டது. கடைசி ஆட்டத்தில், தற்காப்பிலிருந்து ஏறிப்போய், தலையால். பெனால்டி இல்லை.

இப்படிக்கு,
பழைய ஸ்டோர் கிராணி,
ஆயர் ஈத்தாம், பினாங்கு.